வார்டு முழுக்க பனி

1

போன வாரம் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். காரிலிருந்து இறங்கிய என் மகள் நிலா, "அப்பா, அப்படியே நில்லுங்க" என்று போனைத் தூக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ப்ராஜெக்டாம். அப்பா அம்மா வேலை செய்யும் இடத்தில் எடுத்த படம் ஒன்று வேண்டுமாம். பிள்ளை ஆசையாகக் கேட்டால் எந்த அப்பனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். நான் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டேன். பின்னால் வீல்சேரில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அதுவும் போதாமல் நகர்ந்து போய் வெறும் சுவர் ஓரமாக நின்றேன்.

"அப்பா, ஜெயில்ல எடுத்த போட்டோ மாதிரி இருக்கு" என்றாள். படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

நான் முன்பெல்லாம் இப்படிப் பயந்தாங்கொள்ளி இல்லை. என்னை இப்படி ஆக்கியது கேரளத்து இடுக்கி மலையில், சக்குபள்ளத்தில் இருக்கும் அபி போட்ட ஒரு வீடியோ. அபி என் மனைவி செல்வியின் அக்கா மகள், மலைமேல் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் நடந்த அந்தக் கதை ஒருவழியாக அடங்கிவிட்டதால் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க சித்தப்பா, பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். இதில் வரும் இன்னொருவரிடமும் அவளே நேரில் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் நர்சாக இருக்கிறேன். ஆண் நர்ஸ் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை இங்கே இல்லை. கொழிஞ்சாம்பாறையில் உண்டு. பாலக்காட்டின் அந்தக் கிழக்கு ஓரத்தில் நாங்கள் கோயமுத்தூர்த் தமிழ் பேசி, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, நெல்லும் தென்னையும் வைத்துப் பிழைக்கிறவர்கள். நான் நர்சிங் சேர்ந்தபோது பக்கத்து ஊட்டு அத்தை ஒருத்தி என் அப்பாவிடம், "ஏனுங், பையன் ஏதோ ஊசி போடற படிப்புப் படிக்கறானாமாங், டாக்டருக்கு எடம் கெடைக்கலீங்களா?" என்று அனுதாபப்பட்டாள். அப்பா வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை.

செல்வி இடுக்கி மலைக்காரி. ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்தவள். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம், ஆகவே அவள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. நான் "ஊடு" என்றால் அவளுக்குச் சிரிப்பு. அவள் "அங்கிட்டு, இங்கிட்டு" என்றால் எனக்கு. இரண்டு பேரும் சண்டை போடும்போது மட்டும் மலையாளத்துக்கு மாறிவிடுவோம், ஏனென்றால் நாங்கள் சந்தித்ததும் காதலித்ததும் மலையாளத்தில்தான். இதற்கு நடுவே பிறந்த நிலா மூன்றையும் புரிந்துகொண்டு நான்காவதில் பதில் சொல்கிறாள். அவளுடைய ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்களுடைய ஆங்கிலம், ஏறி இறங்கிப் பாட்டாக வரும். அவளுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் எங்களைச் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே வருஷா வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். நர்சுகள் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது பாடம். நோயாளியின் படம் போடாதே, வார்டுக்குள் போன் எடுக்காதே, யூனிஃபார்மோடு எதையும் பதிவிடாதே. நான் ஒவ்வொரு முறையும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவேன். இதை ஏன் பீற்றிக்கொள்கிறேன் என்றால், பின்னால் நான் வழிந்த அசடு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

3

செய்தி சக்குபள்ளத்திலிருந்து வரவில்லை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தது. அண்ணன் போன் செய்தான்.

"ஏன்டா தம்பி, உம்பட மாமனாரூட்டுப் பக்கமெல்லாம் ஒரே காச்சலாமா? ஆசுபத்திரில படுக்கைக்குப் படுக்கை காச்சலாமா. அங்க வேல பாக்கற புள்ளையே சொல்லுது, வாட்சாப்புல வந்துச்சு. செல்வி ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

அனுப்பச் சொன்னேன். வந்தது. மலையாளத்தில் ஒரு வரி: இடுக்கி ஹைரேஞ்சில் பனி படருகிறது, நர்ஸ் தன் வாயாலேயே சொல்கிறாள், எல்லோருக்கும் அனுப்புங்கள். அதன் கீழே வீடியோ. வீடியோவில் எங்கள் அபி.

யூனிஃபார்மில், தலையை அழகாகப் பின்னி, வார்டு ஜன்னலைத் திறக்கிறாள். போனைச் சுற்றிக் காட்டுகிறாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "பாருங்க மக்களே! எங்க வார்டு முழுக்க பனி! படுக்கைக்குப் படுக்கை பனி! ஒருத்தரையும் விடல!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் அந்த மலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடமாடும். அதைத்தான் பிள்ளை காட்டுகிறாள். ஆனால் போனில் பனி தெரியவில்லை. கண்ணாடி அழுக்காக இருக்கிறது போல் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பனி போய்விட்டது, 'பனி' என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் பனி என்பதை அவர்கள் மஞ்ஞு என்பார்கள்.

"அண்ணா, அவ தமிழ்ல பேசறாடா. பனிடா, மார்கழிப் பனி. காச்சல் இல்ல."

"அட, ஆமாலொ!" என்றான். "தமிழுப் பனின்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. இத்தன வருசம் இவங்களோட பொழங்கி காதே மாறிப்போச்சு."

தமிழனுக்கே காது மாறியிருந்தால் மலையாளி என்ன செய்வான்? அந்த மழையில் ஊரெல்லாம் ஏற்கனவே இருமலும் சளியுமாக இருந்த நேரம். பஞ்சாயத்து மெம்பர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். சுகாதாரத் துறை ஜீப் வந்து நின்றது. அன்றைக்கு வெளிநோயாளிகள் பகுதியில் ஈ ஓட்டினார்களாம். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் ஒரு கர்ப்பிணிகூட வரவில்லையாம். ஆட்டோக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்தின வளைவிலேயே ஆளை இறக்கிவிட்டு, "இதுக்கு மேல நீங்களே நடந்து போயிருங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

செல்விக்கும் முதலில் சிரிப்புத்தான். நிலாவுக்கு விளக்கிச் சொன்னோம். "பனின்னா ஸ்னோ தானே?" என்றாள் அவள். இங்கே பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

4

சிரிப்பு அடுத்த நாள் நின்றது. செல்வியின் அக்கா பாக்கியம் போனில் அழுதாள். பாக்கியம் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருப்பவள். கணவன் இல்லை. அபி ஒரே பிள்ளை.

"வார்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கடி. விசாரண வச்சிருக்காங்களாம். படிப்ப விட்டே நிறுத்தினாலும் நிறுத்துவாங்கன்னு டீச்சரம்மா சொல்லுது. மூணு வருசம்டி செல்வி. இந்தப் புள்ள என்னத்தப் பண்ணுச்சுன்னு எனக்கு இன்னமும் வெளங்கல."

"பனின்னு சொன்னதுக்கா, அக்கா?"

"பனின்னு சொன்னதுக்குத்தான்."

செல்வி போனை வைத்துவிட்டு அடுப்பில் கொதித்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். லயம் என்கிற அந்த எஸ்டேட் வரிசை வீடுகளிலிருந்து வெளியே வர செல்விக்கு இருந்த ஒரே வழி நர்சிங். அவள் வந்த அதே வழியில்தான் அபியும் வந்துகொண்டிருந்தாள். நடுவில் நின்றுபோனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்க வேண்டியதுதான். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அபிக்கு அது வேண்டாம், அவள் நர்சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், அதுதான் விஷயம். எட்டாவது படிக்கும்போதே வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப் போட்டு, அதற்குத் தினமும் சூடு பார்த்தவள் அவள்.

எனக்கு வேறு பயமும் வந்தது. வெளிநாட்டில் வேலைக்கு வர வேண்டுமென்றால், இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை, பதிவில் கறையில்லை என்று நம் ஊர் நர்சிங் கவுன்சிலிலிருந்து ஒரு சான்று வர வேண்டும். எனக்கு அது வந்துசேர்வதற்குள் தாடி நரைத்துவிட்டது. முதலில் இனிஷியலை விரித்து எழுது என்றார்கள். விரித்தேன். அப்பா பெயர் பழனிச்சாமி. அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இன்றைக்கு வரை வார்டில் எல்லோரும் என்னைப் "பழனி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. இங்கே நேற்று வேலைக்குச் சேர்ந்த பொடியன் கூப்பிடுகிறான். அப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வந்தது இதுதான்: பெயரிலேயே இத்தனை நோண்டுகிறவர்கள் ஒரு விசாரணை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் விடுவார்களா?

5

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். கல்லூரி முதல்வருக்கு மலையாளத்தில் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு கன்னியாஸ்திரி, பிரின்சிபல் சிஸ்டர் என்பார்கள். பனி என்ற சொல் தமிழில் என்ன, மலையாளத்தில் என்ன, எல்லைப்புறத்தில் வாழும் பிள்ளைகளின் நாக்கில் இரண்டும் எப்படிக் கலந்து கிடக்கின்றன, இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. வக்கீலுக்குப் படித்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நிலா அந்த வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க ஒரு ஆன்ட்டி தூங்கிட்டிருக்காங்க."

"அது ஓரத்துல சும்மா தெரியுது, கண்ணு. விசயம் அது இல்ல."

"அவங்க மூக்குல ட்யூப் இருக்கு. அவங்ககிட்ட அபி அக்கா கேட்டாங்களா?"

"விசயம் அது இல்லன்னு சொல்றேன்ல? சாப்பிடு."

வருஷா வருஷம் முழு மதிப்பெண் வாங்குகிறவன் சொன்ன பதில் இது.

முதல் நாள் விசாரணை முடிந்த அன்று அபி வீடியோ அழைப்பில் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாக்கியம் பக்கத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பனி விவகாரம் சீக்கிரமே தீர்ந்துவிட்டதாம். சிஸ்டர் மலைக்குக் கீழே தொடுபுழைக்காரி, மலையாளிதான் என்றாலும் மலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது, தமிழ்ப் பிள்ளைகளை அறியாதவர் அல்ல. என் விளக்கத்தைப் பாதி படித்துவிட்டுச் சிரித்து, "மஞ்ஞு அல்லே? மனஸ்ஸிலாயி" என்று, அதாவது புரிந்துவிட்டது என்று, ஓரமாக வைத்துவிட்டார். அதற்கு அப்புறம் வீடியோவை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினாராம்.

"இது ஆரா மோளே?"

"பேஷண்ட், சிஸ்டர்."

"பேரில்லே?"

"பேச்சியம்மா."

"அவரோடு சோதிச்சோ?"

அவரிடம் கேட்டாயா என்கிறார். "இல்லன்னு தலையாட்டினேன் சித்தப்பா" என்றாள் அபி. "நானே தெனம் அவங்களுக்கு மேல் துடைச்சு விடுவேன், தல வாரி விடுவேன், கஞ்சி குடுப்பேன். என்கிட்ட அவ்வளவு பேசுவாங்க. ஆனா அன்னைக்கு வீடியோ எடுக்கறப்ப அவங்க அங்க இருக்கறதே எனக்குத் தெரியல. கட்டில் மாதிரி, ஜன்னல் மாதிரி."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து அறையிலிருந்து நிலா எட்டிப் பார்த்தாள். நல்ல வேளை, "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. மூஞ்சியில் எழுதியிருந்தது.

6

பேச்சியம்மா வேறு எஸ்டேட்டில் காய் எடுக்கும் வேலைக்காரி. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவளுக்குக் கம்பத்தில் ஒரு மகள், நிறைமாதக் கர்ப்பிணி. மகள் பதறக் கூடாதென்று பேச்சியம்மா தான் ஆஸ்பத்திரியில் இருப்பதையே சொல்லவில்லை. நல்லாருக்கேன், வேலைக்குப் போறேன் என்று தினமும் போனில் சமாளித்திருக்கிறாள். மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வீடியோவைக் காட்டிவிட்டாள். அம்மா மூக்கில் குழாயோடு வாய் திறந்து கிடக்கிறாள். கூடவே மலையாளத்தில் காய்ச்சல் பரவுகிறது என்று ஒரு வரி. அந்த வயிற்றோடு அந்தப் பெண் பஸ் பிடித்து, கம்பம்மெட்டு ஏற்றத்து வளைவுகளில் எல்லாம் குலுங்கி வந்து சேர்ந்திருக்கிறாள். வந்தவளுக்குத் தலை சுற்றல். டாக்டர் பிடித்து அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்கவைத்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். புகார் கொடுத்தது அந்த மகள்தான்.

அந்த வாரம் என் வார்டில் ஒரு பாட்டிம்மா, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், வீட்டுக்குக் கிளம்பும்போது என்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். விதியில் இடமில்லை என்றேன். "நானேதானே கேட்கிறேன், பழனி?" என்றார். மேலாளரிடம் கேட்டு, ஒரு கையெழுத்து வாங்கி, இன்னொரு கையெழுத்து வாங்கி, பக்கத்துக் கட்டிலின் திரையை இழுத்துவிட்டு, கடைசியில் எடுத்தோம். அவர் அதற்குள் உதட்டுச் சாயம் பூசி, தலையைக் கோதி, கண்ணாடியைக் கழற்றித் தயாராக இருந்தார். நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். "கிராண்ட்" என்றார். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கிராண்ட். கால் உடைந்தாலும் கிராண்ட், கஞ்சி ஆறிப்போனாலும் கிராண்ட். வந்த புதிதில் இதை நம்பி, வலியில் துடித்த ஒருவரைப் பற்றி 'மிகச் சிறப்பாக உள்ளார்' என்று குறிப்பு எழுதி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாட்டிம்மா சொன்னது மட்டும் நிஜமான கிராண்ட் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

7

அபி எங்களிடம் யோசனை கேட்கவில்லை. பேச்சியம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று தகவலாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போகாத அபி. விசாரணை நடக்கறப்போ புகார் குடுத்தவங்கள நேர்ல பாக்கறது பெரிய தப்பு. மெரட்டப் போனேன்னு சொல்லுவாங்க. இங்கெல்லாம் அதுக்கே வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"அது உங்க ஊரு சித்தப்பா. இங்க போகலன்னாத்தான் தப்பு."

"சிஸ்டர்கிட்டயாச்சும் கேட்டியா?"

"கேட்டேன். யூனிஃபார்ம் போட்டுட்டுப் போகாத, போன எடுத்துட்டுப் போகாதன்னாங்க."

ஊரை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டால் ஊர் நடப்பில் மூக்கை நுழைக்கும் உரிமையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. அது ஒரு வகையில் நிம்மதிதான்.

ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு அபியும் பாக்கியமும் போனார்கள். பேச்சியம்மா வீடு திரும்பி லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாளாம். மகள் கம்பத்துக்குப் போகாமல் அங்கேயே இருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சியம்மா உட்காரச் சொன்னாள். அபி தப்பு என்று சொன்னாள். கேக்காம எடுத்துட்டேன், உங்கள நெனச்சே பாக்கல, மன்னிச்சுருங்க.

பேச்சியம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"எத்தன பேரு பாத்துருப்பாக?"

அபிக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "நெறையப் பேரு."

"தலைய விரிச்சுப் போட்டு, வாயப் பொளந்துக்கிட்டு, வெட்டிப் போட்ட கெடா மாதிரி கெடக்கேன். கம்பம் கூடலூரு பூரா பாத்துருச்சு. ஏம் புள்ள, ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொண்ட போட்டு, எந்திரிச்சு உக்காந்து, நானும் சேந்து பனின்னு சொல்லியிருப்பேன்ல?"

பாக்கியம் சிரித்துவிட்டாளாம். பேச்சியம்மா சிரிக்கவில்லை.

"புகார வாபஸ் வாங்கச் சொல்லி வந்தீகளா?"

"இல்லம்மா."

"நல்லது. கேட்டாலும் எம்மக வாங்க மாட்டா. அவ வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்தாள்ல? அவ சொல்றதுல ஞாயம் இருக்கு. ஆனா கேளு. அந்தச் சிஸ்டரு வந்து என்னயும் கேட்டாக. நான் சொன்னத ஒங்கிட்டச் சொல்லிப்புடுறேன். இந்தப் புள்ள செஞ்சது தப்பு, அதுக்கு என்ன உண்டோ அதக் குடுங்க. ஆனா வெரட்டிப்புடாதீக. நான் சேலையும் துணியுமா நனச்சுக் கெடந்தப்ப மொகஞ் சுளிக்காம மாத்திவிட்டது இவதான்னேன்."

வெளியே வந்த பிறகுதான் அபி அழுதிருக்கிறாள். லயத்து வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அழுதுகொண்டே நடந்தாளாம். இதைப் பாக்கியம் சொன்னாள். அபி இன்று வரை சொல்லவில்லை.

8

முடிவு வந்தது. படிப்பை விட்டு நீக்கவில்லை. ஆனால் அந்த வார்டுப் பயிற்சி முழுவதையும் முதலிலிருந்து, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பச் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள், இவள் பின்தங்கித்தான் முடிப்பாள். கல்லூரியின் பதிவேட்டில் அது இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் கல்லூரி மறைக்காது என்று சிஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் என்றைக்காவது இந்தப் பக்கம் வர நினைத்தால் அது தடையாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். ஒருவர் இருக்கும் என்றார், ஒருவர் இருக்காது என்றார். அபியிடம் இதைச் சொன்னதற்கு, "நான் வர்றேன்னு எப்பச் சொன்னேன்?" என்றாள். செல்வி என்னைப் பார்த்து முறைத்தாள். அவள் வருவாள் என்று நாங்களாகவேதான் முடிவு செய்து வைத்திருந்தோம், மாடி அறையைக்கூட மனசுக்குள் அவளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

பேச்சியம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கம்பத்தில் பிறந்தது, எல்லோரும் சுகம். அந்த மகள் இன்னும் அபியோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று அபியும் எதிர்பார்க்கவில்லை. நானும் இப்போது எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருஷத்துப் பிள்ளைகளின் பயிற்சி தொடங்கும் வரை அபி வீட்டிலேயே இருந்தாள். அம்மாவோடு ஸ்டோருக்குப் போய்க் காய் பிரித்தாள். நாங்கள் எப்போது அழைத்தாலும், அது எந்த நேரமாக இருந்தாலும், முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவாள். கையிலேயே வைத்திருப்பாள் போல. என்ன பண்ற என்று கேட்டால், ஒண்ணும் இல்ல சித்தி என்பாள். அந்த 'ஒண்ணும் இல்ல' செல்விக்குத் தாங்காது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவுவாள், கழுவின பாத்திரத்தையே கழுவுவாள்.

வார்டுக்குத் திரும்பப் போகலாம் என்ற நாள் எங்களுக்குத் தெரியும். அன்று எனக்கு விடுமுறை. அங்கே நடுப்பகல், இங்கே விடிந்து நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். செல்வியால் பொறுக்க முடியவில்லை. "ஒரு தடவ அடிச்சுப் பாப்போமா?" என்றாள்.

"டூட்டில இருப்பாடி. எடுக்கக் கூடாது."

"தெரியும். சும்மா அடிப்போம்."

அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடப் பையை மாட்டியபடி இறங்கி வந்த நிலாவும் எங்களோடு நின்று கேட்டாள். முழுவதும் அடித்து, எடுக்க ஆளில்லாமல் தானாக நின்றது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கல" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "எடுக்கலைங்க!"